வழிய வழிய ஒரு டேங்க்

போன வெள்ளிக்கிழமை திருத்தணிக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெண் குழாயை எடுத்து டேங்கில் செருகினாள். கொஞ்ச நேரத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. குழாய் தானாக நின்றது. அவள் மீட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரவுண்டா போட்டுடவா மேடம்?”

“வேணாம்மா, போதும்.”

“இன்னும் புடிக்கும் மேடம்.”

“புடிக்கும், தெரியும். வேணாம்.”

கஞ்சம் என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராது. “டேங்க் நெறஞ்சது அந்தக் குழாய்க்கு எப்படிம்மா தெரியுது?” என்று கேட்டேன். “சென்சார் மேடம்” என்றாள். இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். கதவு தானாகத் திறந்தால் சென்சார், கையை நீட்டினால் தண்ணீர் வந்தால் சென்சார். இதில் சென்சாரும் கிடையாது, கின்சாரும் கிடையாது, ஒரு ஓட்டைதான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்திவிட்டார்.

சரி, உங்களிடமாவது சொல்கிறேன். உங்களுக்குப் பின்னால் லாரி எதுவும் நிற்காது என்று நம்புகிறேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் காக்கிச் சட்டை போட்டவள்தான். திருத்தணியிலிருந்து நகரி போகிற சாலையில் ஒரு பங்க் இருந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லோரும் தறியை நம்பிப் பிழைத்தவர்கள். சீருடை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். சீருடை ஆம்பிளைகளுக்காகத் தைத்தது. தோள்பட்டை முழங்கைக்கு வந்துவிடும். தொப்பி கண்ணை மறைக்கும். முதல் நாள் என்னைப் பார்த்த நைனா, அதாவது என் அப்பா, “போலீஸ்ல சேந்துட்டியாம்மா? கேசு ஒண்ணும் போட்டுறாத” என்றார். எனக்கோ அந்த ஊரே என் கையிலிருக்கும் குழாயில் ஓடுவதுபோல ஒரு பெருமை.

பெட்ரோல் வாசனை ஒருதரம் ஒட்டினால் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் தயிர்சாதத்தில் பெட்ரோல் மணக்கும். தலைமுடியில், துப்பட்டாவில், தலையணையில் எல்லாம் அதே வாசனைதான். அம்மா என் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பார். நான் மட்டும் ஒரு மாதத்தில் அந்த வாசனையையே மறந்துவிட்டேன். எப்போதும் கூடவே இருக்கிற ஆளைக் கவனிக்க மாட்டோம் இல்லையா, அது மாதிரி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

குழாய் எப்படி நிற்கிறது என்பதில் எனக்கு ஆரம்பத்தில் ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு இருந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மேனேஜர்தான் உள்ளிருந்து ஏதோ சுவிட்சைத் தட்டி நிறுத்துகிறார் என்று நம்பினேன். ‘டக்’கென்று நிற்கும்போதெல்லாம் அந்த அறைப் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலையாட்டுவேன். அவரும் பதிலுக்கு ஆட்டுவார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் மேனேஜர் என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதே குழாய் நின்றது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதன் பிறகு தூக்கம் இல்லை.

ஆளில்லாத நேரம் பார்த்துக் குழாயின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நுனியில் பெட்ரோல் வருகிற வாய். அதற்கு ஒட்டினாற்போல பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு துளை. பங்கில் அளவு சரிபார்க்க ஐந்து லிட்டர் பாத்திரம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பெட்ரோலை விட்டுக்கொண்டே அந்தத் துளையை விரலால் மூடினேன். ‘டக்’. விரலை எடுத்தேன், மறுபடி கைப்பிடியை அழுத்தினேன், மறுபடி மூடினேன். ‘டக்’. பெட்ரோல் ஓடும்போது குழாய் அந்தத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் ஏறிவந்து துளையை மூடினால் அதற்கு மூச்சு முட்டுகிறது, உடனே வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். நான் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தேன். செருப்பு, சாக்ஸ், பேண்ட் எல்லாம் நனைந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

“இன்னாம்மா பண்ணிகினு கீற?” என்று மேனேஜர் வந்தார்.

“சார், இது மூச்சு உடுது சார்!”

அவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

குழாய்க்கு இருந்த அந்த அறிவு எங்கள் ஊர் ஜனங்களுக்கு இல்லை. ‘டக்’ சத்தத்தோடு யாரும் திருப்தி அடைய மாட்டார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் ஆந்திர எல்லை தாண்டினால் விலை கூட என்பதால் இங்கேயே கழுத்து வரை ஏற்றிக்கொள்வார்கள். அதிலும் ஒரு தொழில் நுட்பம் உண்டு. இரண்டு பேர் காரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஆட்டுவார்கள். உள்ளே இருக்கிற காற்று குமிழ்விட்டு வெளியே வரும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். நெல் அளக்கும்போது மரக்காலைத் தட்டித் தட்டி நிரப்புவார்களே, அதே கணக்குதான்.

இன்னொரு கூட்டம், மலைக்குப் பூசை போடப் போகிற புது வண்டிகள். நல்ல நாளென்றால் காலையிலிருந்தே வரிசை நிற்கும். “முதல் டேங்க்மா, வழிய வழிய ஊத்து” என்பார்கள். பொங்கல் பானை பொங்கி வழிந்தால்தானே நல்லது? தலை தட்டிய படியை யாராவது சாமி முன்னால் வைப்பார்களா? முதல் பெட்ரோலும் மூடி வழியே நாலு சொட்டாவது வெளியே வழிய வேண்டும், அப்போதுதான் வண்டி வைத்திருப்பவன் வீடும் வழியும். இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தெரியாது. டேங்க் மூடிக்குச் சந்தனம் வைப்பார்கள், குழாய்க்குக் குங்குமம் வைப்பார்கள், குழாயைப் பிடித்த பாவத்துக்கு எனக்கும் வைப்பார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது என் நெற்றி ஒரு அம்மன் கோவில் வாசப்படிபோல இருக்கும். சத்தம் கேட்ட பிறகு ஊற்றக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் சாமி காரியத்துக்கு வருகிறவரிடம் எப்படி மறுப்பது? மேனேஜரே அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பார்.

இப்போது பாவாவைச் சொல்ல வேண்டும். பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டையில் இரண்டு விசைத்தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தத்திலேயே இருந்து இருந்து, பக்கத்தில் நிற்கிறவரிடமும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஒருநாள் இரண்டு தறியையும் விற்றுவிட்டு ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வாடகைக்கு ஓட்டப் போகிறாராம். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றிப் போகலாம், கல்யாண முகூர்த்தத்துக்குப் பெண் மாப்பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று திட்டம். கார் மூன்று கை மாறி வந்தது. வெள்ளை நிறம். டேங்க் மூடி தொலைந்துபோய் வேறு ஏதோ வண்டியின் மூடியைப் போட்டிருந்தார்கள். அது சரியாக உட்காராது. பாவாவின் அம்மா தறி போன அன்றிலிருந்து மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா பேசினாள், ஆனால் பாதிதான் பேசினாள்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மலையில் பூசை. அன்று எனக்கு விடியற்கால ஷிப்ட். ஏழு மணிக்கு வெள்ளைக் கார் மாலை போட்டுக்கொண்டு பங்குக்குள் நுழைந்தது. பாவா புது வேட்டியில் இருந்தார். கொஞ்சம் தள்ளி வாசலிலேயே இறங்கி, அக்காவும் அவள் மூன்று வயதுப் பையனும் பலூன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊற்றினேன். ‘டக்’கென்று நின்றது.

“இன்னும் ஊத்து மேடம்” என்றார் பாவா. சீருடை போட்டதிலிருந்து அவருக்கு நான் மேடம்.

“போதும் பாவா. இந்த சத்தம் வந்தா நிறுத்திடணும்.”

“ஊரானுக்கெல்லாம் ஊத்தற, எனக்கு மாட்டியா? இது என்னா ஜாலி வண்டியா? என் தறி ரெண்டும் இதுக்குள்ளதான் கீது. வழியணும். நல்லா வழியணும்.”

அவர் கண்ணைப் பார்த்தேன். எப்போதும் கத்திப் பேசுகிற மனிதர் அன்று மெதுவாகப் பேசினார். வேண்டாம் என்று இன்னும் ஒருதரம் சொன்னேன். அவரே காரின் பின்பக்கம் போய் இரண்டு கையாலும் ஆட்ட ஆரம்பித்தார். நான் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மூடி விளிம்பைத் தாண்டி வெள்ளைப் பெயின்ட் மேல் ஒரு கோடு இறங்கியது. பாவா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, அதே சீருடையோடு நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

மலைமேல் வண்டி நிறுத்துகிற இடத்தில் பாவா மேடு பார்த்தபடி நிறுத்தினார். முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து நின்றது. தரிசனத்துக்குக் கூட்டம். நாங்கள் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பையன் தூங்கிவிட்டான், அவனைப் பின் சீட்டில் படுக்கவைத்தாள் அக்கா.

காரை நெருங்கியபோதே பெட்ரோல் வாசனை வந்தது. வந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது என் சட்டை என்று நினைத்துக்கொண்டேன். அக்காகூட, “தள்ளி நில்லுடி, உன் மேல பெட்ரோல் நாத்தம் தாங்கல” என்றாள். நானும் தள்ளி நின்றேன்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசை போடுகிறவர் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிக் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வரும்போது எரிகிற கற்பூரத் துண்டு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. முதலில் தரையில் நீலமாக ஏதோ ஓடியது. பிறகு மஞ்சளாக எழுந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு.

அக்கா “ஐயோ புள்ள!” என்று கதவைத் திறந்து பையனை இழுத்தாள். எனக்கு பங்கில் சொல்லிக்கொடுத்த ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது: மணல். சுவர் கட்டுவதற்காகக் கொட்டிய மணல் குவியல் பத்தடியில் இருந்தது. அள்ளுவதற்குக் கையில் எதுவும் இல்லை. காருக்கு முன்னால் பூசைத் தட்டு இருந்தது. தேங்காய், பூ, வெற்றிலை, பழம், விபூதி என அதிலிருந்த எல்லாவற்றையும் உதறிக் கொட்டினேன். அந்தத் தட்டாலேயே மணலை அள்ளி அள்ளி வீசினேன். வேறு வண்டிக்காரர்களும் ஓடிவந்து கையால் அள்ளிப் போட்டார்கள். நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கிற நேரத்துக்குள் தீ அணைந்துவிட்டது.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கம் கலைந்ததற்காக மட்டும் அழுதான். காரின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. தேங்காய் சரிவில் உருண்டு எங்கோ போய்விட்டது. அக்கா காலடியில் கிடந்த பூவையும் விபூதியையும் பார்த்தாள், மணல் ஒட்டிய தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். “சாமி தட்டடி அது” என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லை. “தறிய வித்துட்டுப் போனான் பாரு, முருகனுக்கே புடிக்கல. நெருப்பாலயே பதில் சொல்லிட்டாரு” என்றார் பாவாவின் அம்மா. பேசாமலிருந்த வாய் இதற்காகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு காரைக் கேட்டிருந்தவர்கள், ‘தீப்பிடிச்ச வண்டி வேணாங்க’ என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அக்கா அந்தக் காரில் பிள்ளையோடு ஏற மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அரக்கோணத்திலிருந்து ஒரு புரோக்கர் வியாழக்கிழமை வந்து வந்த விலைக்குக் காரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கார் போய்விட்டால் பாவா இன்னொருவர் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டத்தான் போக வேண்டும். தன் தறியை விற்றவன் என்ற பேச்சோடு, தினமும் அந்தச் சத்தத்துக்கு நடுவில். அவர் புளிய மரத்தடியில் நின்ற காரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பாவாவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அந்தப் பெட்ரோல் எப்படி வெளியே வந்தது என்பதும் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பங்கில் ஊற்றும்போது நாலு சொட்டுதான் வழிந்தது. மூடியையும் போட்டுவிட்டோம். பிறகு நின்ற வண்டியிலிருந்து அவ்வளவு பெட்ரோல் எப்படி? இரண்டு நாள் யோசித்தேன். பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் இருக்கிற தொட்டியிலிருந்து வருகிறது. குழாயைத் தொட்டாலே சில்லென்று இருக்கும். அதுவே வெயிலில் நின்றால்?

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு கண்ணாடி பாட்டில் வாங்கினேன், ரேஷன் மண்ணெண்ணெய் கேட்டேன். “எத்தக் கொளுத்தப் போற?” என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தாள். மண்ணெண்ணெயைக் கேனோடு தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் குளிரவிட்டேன். ஒரு பாட்டிலை விளிம்பு வரை, வழிய வழிய நிரப்பினேன். இன்னொன்றில் கழுத்தை முழுக்கக் காலியாக விட்டேன். காரின் மூடி மாதிரியே, இரண்டுக்கும் மூடியை இறுக்காமல் மேலோடு வைத்தேன். காரின் முன்பக்கத்தில், நல்ல வெயிலில், செய்தித்தாள் விரித்து இரண்டையும் நிறுத்தினேன்.

முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பாவாவின் அம்மா தூரத்தில் நின்று முகவாயில் கை வைத்துக்கொண்டார். அக்கா பாத்திரம் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் ஆனது. நிறைந்த பாட்டிலின் மூடிக்கு அடியிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. பிறகு பாட்டிலின் முதுகில் ஒரு கோடு இறங்கியது. செய்தித்தாளில் ஈரம் வட்டமாகப் பரவியது. இன்னொரு பாட்டிலில் மண்ணெண்ணெய் கழுத்துக்குள் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். செய்தித்தாளைத் தொட்டு மோந்து பார்த்தாள்.

“யாரும் தொடவே இல்லியேடி?”

“இல்லக்கா. சூடானா எண்ணெ பெருசாவுது. அதுக்கு எடம் உட்டா உள்ளயே இருக்கும். உடலன்னா வெளிய வரும். அன்னிக்கி டேங்க்ல எடமே இல்ல. வண்டி வேற பின்னால சாஞ்சிகினு இருந்துச்சு.”

“அப்ப சாமி கோவம் இல்ல?”

“சாமிக்கு இன்னாக்கா கோவம்? கொழந்தய காப்பாத்திட்டாரு இல்ல.”

அவள் முகம் கொஞ்சம் இளகியது. பாவாவின் அம்மாவும் இரண்டடி முன்னால் வந்து பாட்டிலைப் பார்த்தார். அப்போதுதான் அக்கா கேட்டாள், “சரி, அவ்ளோ வழிய வழிய ஊத்த சொன்னது யாரு?”

பாவா பின்பக்கம் கொப்பளித்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது. அவர் நிமிரவில்லை. தறியை விற்றதற்கே ஒரு வீடு முழுக்க அவருக்கு எதிராக நின்றது. பெற்ற பிள்ளை படுத்திருந்த காரில் தீப்பிடிக்கக் காரணமும் அவர்தான் என்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் அவருக்குச் சோறு எப்படி இறங்கும்? தவிர, குழாயைப் பிடித்திருந்த கை என்னுடையது. வாசனையைக் கவனிக்காத மூக்கும் என்னுடையதுதான்.

“யாரும் சொல்லல. நான்தான் நெறய ஊத்திட்டேன்” என்றேன்.

“சாமிக்குப் போற வண்டின்னு தெரிஞ்சுமாடி?”

“ஆங்.”

பாவாவின் துணி மறுபடி நகர ஆரம்பித்தது, அதே இடத்தில்.

வியாழக்கிழமை வந்த புரோக்கர் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வாரம் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்திய டேங்கோடு கார் மறுபடி மலைக்குப் போய் ஒழுங்காகப் பூசை முடித்து வந்தது. என்னை அக்கா கூப்பிடவில்லை. பங்கில் விஷயம் தெரிந்து மேனேஜர் ஒரு மாதம் என்னைக் காற்றடிக்கிற பக்கம் போட்டுவிட்டார். லாரி டயர்களோடு மல்லுக்கட்டியதில் கை இரண்டும் பயில்வான் கைபோல ஆனது.

கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. அதை வைத்துத்தான் பையனைப் படிக்கவைத்தார்கள், வீட்டுக்கு மேல்மாடி எடுத்தார்கள். பாவா பெட்ரோல் போட எங்கள் பங்குக்குத்தான் வருவார். குழாய் நின்றதும், நான் கையை எடுப்பதற்கு முன்னாலேயே, “போதும் போதும் போதும்” என்று பங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை என் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார். பக்கத்து சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு “முருகா முருகா” என்று உட்கார்ந்திருந்தார். இன்று அரக்கோணத்தில் நான் பெண்களுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன் என்றால் அந்தச் சாவிதான் காரணம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அக்கா சில மாதங்களில் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். சண்டை போட்டாள், சிரித்தாள், எனக்குப் பிரசவம் பார்த்தாள். ஒன்று மட்டும் மாறவில்லை. அவள் வீட்டு விசேஷம் எதிலும் என் கையில் பூசைத் தட்டைக் கொடுக்க மாட்டாள். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மகள் மஞ்சள் நீராட்டு என எத்தனையோ நடந்தது. வரிசையாக எல்லாப் பெண்களுக்கும் தட்டு நீளும். என் முறை வரும்போது, “நீ போயி பந்தியப் பாரு” என்பாள். நான் பந்தியைப் பார்ப்பேன். இருபது வருடத்தில் நான் பார்க்காத பந்தி இல்லை. அதை நினைத்துச் சிரிக்கவும் பழகிவிட்டேன், ஆனாலும் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

இப்போது அந்த பங்க் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. எங்கள் கண்ணாடி அறை இருந்த இடத்தில் மேம்பாலத்தின் கால் ஒன்று நிற்கிறது. வெள்ளைக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிய நினைவே பலருக்கு இல்லை. இப்போது வருகிற கார்களில் டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. என் மெக்கானிக் ஒருதரம் கழற்றிக் காட்டினார். சத்தத்துக்கு மேல் ஊற்றினால் அந்தக் கரி பெட்ரோலையே குடித்துக் கெட்டுப்போய்விடுமாம். கார் மாறினாலும் புத்திமதி அதேதான். அந்த பங்க் பெண்ணிடம் நான் போதும் என்றதற்கு இவ்வளவு பெரிய முன்கதை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் போனதும் ஒரு பூசைக்குத்தான். அன்று பின் சீட்டில் தூங்கிய அக்கா மகன் கார் வாங்கியிருக்கிறான், பேட்டரியில் ஓடுகிற கார். மலைமேல் பாவா அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“டேங்க் மூடி எங்கடா?”

“டேங்க்கே இல்ல நைனா. சார்ஜ்தான்.”

“அப்ப வழிய வழிய ஏத்திகினியா?”

“எம்பது வந்தா நிறுத்திடணும் நைனா. தெனம் ஃபுல்லா ஏத்தினா பேட்டரிக்கு நல்லது இல்லியாம்.”

பாவா சிரிக்க ஆரம்பித்தார். “இதுக்கும் அதே கததானா!” சிரிப்பு நின்றது. தட்டில் கற்பூரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா பக்கம் திரும்பினார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அவ்வளவு கூட்டத்தில், அவருடைய வழக்கமான உரத்த குரலில் சொன்னார்.

“அன்னிக்கி இவ ஊத்தல. வேணாம் வேணாம்னு சொல்லிகினே இருந்தா. நான்தான் ஆட்டி ஆட்டி ஊத்த வெச்சேன்.”

அக்கா கை அப்படியே நின்றது. “எப்போ?” என்று கேட்கவில்லை. அவளுக்கும் அந்த ஒரு ‘அன்னிக்கி’தான் இருந்திருக்கிறது.

“இத்த சொல்ல இருவது வருசமா?” என்றாள்.

நான் பழக்கத்தில் மெதுவாக நகர ஆரம்பித்தேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், அதைப் பிரிக்கலாம் என்று. அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தேங்காய், பூ, வெற்றிலை, பழம், விபூதி எல்லாம் இருந்த தட்டை என் இரண்டு கையிலும் வைத்தாள்.

“எங்கடி போற? இந்தா. சாயாம புடி.”

பிடித்தேன். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கற்பூரத்தைப் பற்றவைத்தாள். சுடர் எழுந்ததும் பழைய பயத்தில் ஒருதரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கற்பூரம் மணந்தது, மல்லிகை மணந்தது. பெட்ரோல் வாசனை எங்கேயும் இல்லை, என் சட்டையில்கூட.